நிலாவுக்குப் போக இருபத்தேழு கையெழுத்துகள்

1

இந்த மாதம் என் கடவுச்சீட்டில் ஏழாவது முத்திரை விழுந்தது. மலாக்கா குடிநுழைவு அலுவலகத்துக்கு வருடம் ஒருமுறை போகிறோம். எடுத்துப்போக வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்: புகைப்படம் இரண்டு, திருமணச் சான்றிதழின் நகல், கணவரின் அடையாள அட்டை, கணவர். கடைசியில் இருப்பதை நேரில் காட்ட வேண்டும். நகல் செல்லாது.

முத்திரையில் இரண்டு வரிகள். இன்னும் ஒரு வருடம் நான் இங்கே இருக்கலாம் என்பது முதல் வரி. எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்பது இரண்டாவது. கோயம்புத்தூரில் டிப்ளமா முடித்து, பம்பு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். திருமணமாகி மலேசியாவில் இந்தச் செலண்டாருக்கு வந்தபின் பரிசோதிக்க எதுவும் இல்லாமல் சமையலறை டப்பாக்களுக்கு எண் போட்டேன். ஏழாம் எண் துவரம்பருப்பு. மாமியார் இன்றுவரை அதை ஏழாம் நம்பர் என்றுதான் கேட்கிறார். கேலியா, பழக்கமா என்று தெரியவில்லை.

ஊரில் இருக்கும் தோழிகள் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதுகிறார்கள். நன்றாகப் போகிறது என்று ஏரோகிராமில் எழுதி ஒட்டிவிடலாம். ஆறு வருடம் அப்படித்தான் செய்தேன். இந்த வருடம் முடியவில்லை. ஒரு தவறு செய்தேன். அதை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் மொழி. தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டார். காலை ஒன்பது மணி. "எனக்குப் பசியே எடுக்கலீங்க" என்று சொன்னேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதுதான் அந்தக் கேள்வி. புது மருமகள் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள் என்று மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. சாலைக்குச் சடக்கு, ரப்பருக்குக் கித்தா, எண்ணெய்ப் பனைக்குச் செம்பனை. இவற்றையும் ஒரு நோட்டில் எழுதிப் படித்தேன்.

மலாய் வேறு விதமான சங்கடம். அதை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதனால் எந்தப் பலகையையும் எந்தப் படிவத்தையும் நான் கடகடவென்று வாசித்துவிடுவேன். பொருள் பாதிதான் தெரியும். மகள் சுபாவுக்கு நாலரை வயது. மழலையர் வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து கடைக்குப் போனால் என் கையை இழுக்கிறாள். "அம்மா, நீ பேசாத லா. நான் கேக்குறேன்." இந்த ஊர்ப் பேச்சின் 'லா' அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கீரைக்காரர் அவளிடம் மலாயில் பதில் சொல்கிறார். நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வந்ததும் தமிழில் அவளுக்குக் கதை சொன்னால் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்: "இது இந்தியா தமிழா, நம்ம தமிழா?"

நம்ம தமிழ் என்பதில் நான் இல்லை.

கணவர் மணியம், செலண்டாரிலிருந்து உள்ளே செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். ஒருநாள் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். புத்தாக்கம் மேலேயிருந்து வந்தால் நிற்காது, ஊழியர்களிடமிருந்தே வர வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் ஐந்து பேர் குழு ஒன்றை அமைத்து, தங்கள் பிரச்சினை ஒன்றைத் தாங்களே கண்டுபிடித்து, பயன்படுத்துகிறவர்களின் பக்கமிருந்து பார்த்துத் தீர்வு காண வேண்டும். மாவட்ட அளவில் போட்டி. அவர் மலாயை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குக் கை பரபரத்தது.

எங்கள் பம்பு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் வாசலில் யோசனைப் பெட்டி ஒன்று தொங்கியது. ஆயுத பூஜைக்குத் தூசி தட்டும்போதுதான் அதைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு பல்லி முட்டைகளும் நான் எழுதிப் போட்ட யோசனையும் இருந்தன. முட்டைகளைப் பத்திரமாக எடுத்துச் செடி மண்ணில் வைத்தார்கள். என் தாளை மடித்து ஆடிய மேசைக்கால் ஒன்றுக்கு அண்டை கொடுத்தார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவளுக்கு, ஓர் அலுவலகம் தானாகவே கீழே இருப்பவர்களைக் கேட்கிறது என்றால் எப்படி இருக்கும்?

"நான் உதவி செய்யலாமா?" என்று கேட்டேன்.

"சம்பளம் இல்லாட்டி அது வேலை இல்ல" என்றார் மணியம், முத்திரையின் இரண்டாவது வரியை நினைத்துக்கொண்டு.

3

சின்னப் பள்ளியில் ஐந்து பேரைத் திரட்டுவதே பெரிய பாடு. தலைமையாசிரியர், மணியம், இரண்டு ஆசிரியைகள், அதற்குமேல் ஆள் இல்லை. தலைமையாசிரியர் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் திரும்பி, "பாக்கியம், நீயும் வந்து உக்காரு. பேசாம இருந்தாப் போதும்" என்றார்.

பாக்கியம் அக்கா பள்ளியைக் கூட்டுகிறவர், மணி அடிக்கிறவர், வாந்தி எடுத்த பிள்ளையைக் கழுவிவிடுகிறவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலேயே வீடு. மகள் கோகிலா அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மலாய் பேசினால் மலாய்க்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் மீன் முள் படம் வரைந்தேன். தொழிற்சாலையில் கற்றது. தலைப்பக்கம் பிரச்சினை, முள் முள்ளாகக் காரணங்கள். அக்கா எட்டிப் பார்த்தார்.

"முள்ளு மட்டும் இருக்கு. மீனை யாரு தின்னா?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு பிரச்சினை என்ன என்று கேட்டேன். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நமக்குப் பிரச்சினை இருக்குன்னு நாமளே எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க? சின்னதா ஒண்ணு சொல்லுங்க. செருப்பு வரிசையா வைக்கிறது மாதிரி."

அப்போது அக்கா பேசினார். பேசாமல் இருக்கச் சொன்னதை மறந்துவிட்டார்.

"போன மாசம் பல்லு டாக்டர் வேன் வந்துச்சுல. பாதிப் பிள்ளைங்க தாள் கொண்டு வரல. ஏன்? எல்லாத் தாளும் வெள்ளை. கூட்டமும் வெள்ளை, பல்லும் வெள்ளை, துணி கொண்டு வான்னு சொல்றதும் வெள்ளை. எனக்கு எப்படித் தெரியும்? கிளினிக் அட்டை மஞ்சள். அத மட்டும் நான் தொலைச்சதே இல்ல. நீங்களும் கலரா குடுங்களேன்."

மணியம் என்னைப் பார்த்தார். நான் எழுதுகோலை எடுத்தேன். பல், ஊசி, மருத்துவம் எல்லாம் இளஞ்சிவப்பு. கூட்டத்துக்கு வர வேண்டும் என்றால் மஞ்சள். ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றால் பச்சை. பத்தே நிமிடத்தில் முடிந்தது. மூன்று வருடம் நான் தொழிற்சாலையில் எழுதிய எந்த யோசனையும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அது என்னுடையதும் அல்ல.

4

இங்கேதான் என் தவறு.

ஒரு தீர்வு இருந்தால் போதாது, பிரச்சினையை அளந்து காட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். அறிவிப்புகளைப் பெற்றோர் வாசிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நடுவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு சோதனை வைப்போம். வழக்கமான வெள்ளைத் தாளில், வழக்கமான மலாயில், ஒரு சுற்றுலா அறிவிப்பு. நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுவோம். அடுத்த மாதம் என் பிள்ளையை நிலாவுக்கு அழைத்துச் செல்ல சம்மதிக்கிறேன்.

மணியம்தான் மலாயில் எழுதினார். எழுதும்போதே சிரித்தார். மலாயில் மாதத்துக்கும் புலான், நிலாவுக்கும் புலான். ஒரே வரியில் இரண்டும் வந்து விழுந்தன. அடியில் பெற்றோர் பெயர், பிள்ளையின் பெயர், கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

மூன்றாம், நான்காம் வகுப்புகளில் நாற்பது பிள்ளைகள். நாற்பது தாள் போயிற்று. கையெழுத்தோடு இருபத்தேழு திரும்பி வந்தன. நான்கு வெறுமையாக வந்தன. ஒன்பது வரவில்லை. அவற்றை நான் மேசைமேல் அடுக்கிய அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். தெளிவான எண் கிடைத்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

சோதனையைப் பற்றி யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதியிருந்தேன். நான்கு பெயர்கள். பாக்கியம் அக்கா அந்த வாரம் விடுப்பு. மாமியாரை மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பகலெல்லாம் அங்கேயே இருந்தார். திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். பட்டியலில் நான்கு பெயருக்கும் சரி போட்டாகிவிட்டது. ஐந்தாவது பெயரை நான் எழுதவே இல்லை.

அதன்பின் இரண்டு மாதம் வண்ணத் தாள்கள் போயின. பல் மருத்துவ வேன் மறுபடி வந்தபோது பிள்ளைகள் இளஞ்சிவப்புத் தாளை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அக்கா இடுப்பில் கை வைத்து நின்று எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை.

5

போட்டி ஒரு மண்டபத்தில் நடந்தது. மாவட்டத்தின் எல்லா வகைப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்கள், அலுவலகத்து ஆட்கள். எங்கள் குழு பள்ளி வேனில் போனது. அக்கா புதுச் சேலை, தலை நிறையப் பூ. "கல்யாணத்துக்கா போறோம்?" என்று ஆசிரியை ஒருவர் கிண்டல் செய்தார். "நீங்க எல்லாம் பேசப் போறீங்க. நான் உக்காரத்தானே போறேன். அழகா உக்காரணும்ல" என்றார் அக்கா.

தலைமையாசிரியர் மலாயில் பேசினார். நான் ஓரத்தில் நின்று, ஒளி எறியும் கருவியின் கண்ணாடிமேல் தாள்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். பேசவோ பெயர் போடவோ எனக்கு இடமில்லை. நாற்பது, இருபத்தேழு என்ற எண்கள் வந்தன. பிறகு நிலா வரி சுவரில் பெரிதாக விழுந்தது. அப்புறம் மண்டபமே சிரித்தது. முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிலாவுக்கா! ஐயோ, செத்துஜூ போட்டிருக்காங்களே!" என்று பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தொடையில் தட்டினார். செத்துஜூ என்றால் சம்மதம்.

அக்காவும் சிரித்தார். அவருக்கு அன்றுதான் விஷயமே தெரியும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

நான் அடுத்த தாளை வைத்தேன். கையெழுத்துப் போட்ட நான்கு சீட்டுகளைப் பெரிதாக்கி எடுத்த நகல். பெற்றோர் பெயர்களை மறைத்திருந்தேன். கையெழுத்துகளை மறைக்கவில்லை. அழுத்தமாக விழுந்தவையாகப் பார்த்து எடுத்தேனே தவிர, யாருடையவை என்று பார்க்கவில்லை. மூன்றாவது சீட்டில் 'பா' என்ற ஓர் எழுத்தும் அதிலிருந்து வலப்பக்கம் நீளும் ஒரு கோடும் இருந்தன. அக்காவுக்கு எழுதத் தெரிந்தது அந்த ஓர் எழுத்துதான்.

மண்டபத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. எங்கள் குழுவுக்கும் எனக்கும் தெரியும். அக்கா வாயிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தார். அப்புறம் அவர் சுவரைப் பார்க்கவில்லை.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. திரும்பி வரும்போது கோப்பை தலைமையாசிரியர் மடியில் இருந்தது. அக்கா ஓட்டுநருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பூவை எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

6

அலுவலகத்துக்கு எங்கள் வண்ணத் தாள் பிடித்துப்போயிற்று. மாநில அளவுக்கு அனுப்பலாம், பிறகு மற்றப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகலாம் என்றார்கள். முழு அறிக்கை வேண்டும், ஐந்து பேரும் அதில் கையெழுத்திட வேண்டும். மணியம் தேர்வு வேலையாக வெளியூர் போயிருந்தார். முன்பு வென்ற ஒரு பள்ளியின் அறிக்கையைத் தலைமையாசிரியர் மாதிரிக்குக் கொடுத்தார். எங்கள் விவரங்களை அதில் பொருத்தி, பொதுவான வாக்கியங்களை அப்படியே எடுத்து, நானே தட்டச்சு செய்தேன்.

நான்கு பேர் கையெழுத்திட்டார்கள். அக்காவிடம் நீட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாளை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

"வாசி."

"அக்கா, பன்னிரண்டு பக்கம்."

"பரவால்ல லா. எனக்கு நேரம் இருக்கு. வாசிக்காமப் போட்டா நிலாவுக்கு அனுப்பிருவீங்க."

அதில் சிரிப்பு இல்லை. சிற்றுண்டிச்சாலைப் பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். வேடிக்கை என்னவென்றால், வாசிக்கத் தெரிந்த எனக்குப் பாதி புரியவில்லை. புரிகிறவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. நான் கோவை உச்சரிப்பில் மலாயைச் சொல்ல, அவர் அதைத் திருத்திச் சொல்லி, தமிழில் பொருள் சொன்னார். இப்படி ஐந்து பக்கம் போயிற்று. நடுவில் இரண்டு முறை என் உச்சரிப்புக்குச் சிரித்தார். பழைய அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பிரச்சினையின் காரணம் என்ற இடத்துக்கு வந்தோம். பெற்றோர் என்பது வரை எனக்கே புரிந்தது. அடுத்த சொல்லை, "குவாய்" என்று வாசித்தேன்.

"குவாயா? அப்படி ஒரு சொல்லே கிடையாது. மறுபடி சொல்லு."

"சி, யு, ஏ, ஐ."

அக்கா உதட்டை அசைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சுவாய்."

"அப்படின்னா?"

"என் வீட்டுக்காரரு லாரியில செம்பனைக் குலை ஏத்தும்போது கால்ல விழுந்துச்சு. ஆபீஸ்லேருந்து சூராட், அதான் கடுதாசி, வந்துச்சு. தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி வாசிச்சுச் சொன்னாரு. தொழிலாளி சுவாயா இருந்தான், அதனாலதான் அடிபட்டான், கம்பெனி பொறுப்பில்லன்னு. அந்தச் சொல்லுதான்." தாளை விரலால் தொட்டார். "கவனம் இல்லாதவன். அசட்டை. பெத்தவங்க அசட்டைன்னு நீ எழுதியிருக்க."

"நான் எழுதல அக்கா. மாதிரியில இருந்துச்சு. எனக்கு அந்தச் சொல்லு தெரியாது."

"தெரியாமத்தான் போட்டியா?"

அக்கா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "அந்த இருபத்தேழு வீட்டுக்கும் போய்க் கேட்டியா தங்கச்சி? அசட்டையாத்தான் போட்டீங்களான்னு? கேட்டுட்டு வந்து எழுது. அப்புறம் நான் போடுறேன்."

7

மறுநாள் மாலை நான்கு மணிக்கு லயத்துக்குப் போனேன். அக்கா கூட வந்தார். "தனியாப் போனா யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. தண்ணி மட்டும் குடுப்பாங்க" என்றார்.

முதல் வீட்டில் ஒரு தகப்பன். "பிள்ளை நீட்டுச்சு. போட்டேன். அதுல என்னா எழுதியிருந்துச்சு?" சொன்னேன். "பள்ளிக்கூடத்துல அப்படியும் எழுதுவாங்களா?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார், என்னை அல்ல. வாசிக்காமல் போடுகிறார்கள் என்று என்னுடைய எண் சொன்னது இவரைத்தான்.

இரண்டாம் வீட்டில் ஒரு பெரியம்மா. பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். "புலான்னு ரெண்டு தடவ வந்துச்சு. அடுத்த மாசம்னு அடிக்கிறதுக்குப் பதிலா ரெண்டு தடவ அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். மிஷினு தப்புப் பண்ணும்ல. பாவம், டீச்சருக்கு என்ன அவசரமோன்னு போட்டுக் குடுத்துட்டேன்." அவர் வாசிக்காமல் போடவில்லை. என் தாளில் இருந்த பிழையைத் தன் மனத்திலேயே திருத்தி, என்னையும் மன்னித்துப் போட்டிருந்தார். அவரையும் நான் சுவரில் ஒளியாய்க் காட்டிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

எத்தனை வீடு போனோம் என்று எழுதி வைத்திருக்கிறேன். இங்கே வேண்டாம். ஐந்தாம் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கே இருந்தவள் சரசு. என்னைவிட இளையவள். செம்பனை நாற்றுப்பண்ணையில் வேலை. மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை மலாய்ப் பள்ளியில் படித்தவள். இடுப்பில் குழந்தை. நான் கேட்கத் தொடங்கியதுமே தலையை ஆட்டினாள்.

"படிச்சேங்க. நிலாவுக்குன்னு நல்லாவே படிச்சேன். நானும் அவரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்டே?"

"பள்ளிக்கூடம் கேக்குதே."

"பைத்தியக்காரத்தனமா இருக்குன்னு தெரிஞ்சும்?"

"போடலன்னா பையனை வகுப்புல எழுப்பி நிக்க வச்சு, ஏன் உங்கம்மா போடலன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்னா பதில் சொல்லி அனுப்புறது?" குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். "அதுவும் இல்லாம, வேணாம்னா எங்க எழுதுறது? ஒரே கோடு. அதுக்குக் கீழ பேரு. வேணாம்னு சொல்ல எடம் எங்க இருந்துச்சு?"

பாக்கியம் அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் போன ஒரு கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனைப் பிரிவில் எங்கள் கையில் எப்போதும் ஓர் அளவி இருக்கும். இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போகும் முனையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளைச் சரி என்று சொன்னால் அன்றே வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். நான் நாற்பது வீட்டுக்கும் ஒரே முனை உள்ள அளவியை அனுப்பிவிட்டு, எல்லாம் உள்ளே போகிறது பாருங்கள் என்று மண்டபத்தில் காட்டியிருக்கிறேன்.

8

மணியம் திரும்பி வந்ததும் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதினார். பெற்றோருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை, மறுக்கவும் இடம் தரப்படவில்லை. தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை.

"கலர் தாள்னா கண்ணுக்குத் தெரியுது. கைதட்டுவாங்க. இதை எழுதினா, தப்பு நம்ம மேலன்னு நாமளே சொல்ற மாதிரி இல்ல?"

"ஆமா சார்" என்றார் மணியம். அவ்வளவுதான் சொன்னார். கெடு நெருங்கிவிட்டதால் தலைமையாசிரியர் விட்டுவிட்டார். அக்காவுக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். பிறகு 'பா' போட்டுக் கோட்டை இழுத்தார்.

இனிமேல் எல்லாச் சீட்டிலும் இரண்டு கட்டம் இருக்கும் என்று குழு முடிவு செய்தது. சம்மதம், சம்மதமில்லை. மலாயிலும் தமிழிலும். ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் சரி, மற்றதற்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. வாசிக்காதவர்களுக்கும் தெரியும்.

அந்தச் சீட்டில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி மாநிலக் கண்காட்சி பற்றியது. அலுவலகம் அந்த இருபத்தேழு நிலாச் சீட்டுகளையும் பலகையில் வரிசையாக ஒட்டி வைக்க விரும்பியது. பார்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்றார்கள். போட்டவர்களைக் கேட்காமல் ஒட்டக் கூடாது என்று இந்த முறை நான் சொன்னேன். உங்கள் கையெழுத்துப் போட்ட தாளைக் கண்காட்சியில் வைக்கலாமா? இருபத்தேழு வீட்டுக்கும் போயிற்று. ஒவ்வொரு பிள்ளையிடமும் மணியம் வாயாலும் சொல்லி அனுப்பினார்.

மூன்று நாளில் இருபத்தேழும் வந்துவிட்டன. இருபத்தாறில் சம்மதம். முதல் வீட்டுத் தகப்பன், பெரியம்மா, சரசு. சரசுவின் சரிக்குறி நேராக, அழகாக, கட்டத்துக்குள் அளவாக இருந்தது.

ஒன்றில் மட்டும் பெருக்கல் குறிக்குப் பக்கத்துக் கட்டத்தில் குறி இருந்தது. பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. கீழே 'பா', ஒரு கோடு.

தலைமையாசிரியர் சீட்டுகளைச் சீட்டுக்கட்டுபோல் தட்டி அடுக்கினார். "ஒண்ணுதானே. அந்த ஒண்ணை எடுத்துட்டு மத்ததை மாட்டிருங்க. அப்புறம், பாக்கியத்தைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க அம்மா. ஏன் வேணாம்னு போட்டுச்சுன்னு கேக்கணும்."

"கேக்க வேணாம் சார்."

"ஏன்?"

"கேட்டோம்னா அடுத்த தடவை இருபத்தேழும் சம்மதம்னுதான் வரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் குழுவில் இல்லாதவள், பெயர் போட முடியாதவள், வருடம் ஒருமுறை முத்திரை வாங்கி இருக்கிறவள். அதெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. ஆனால் அக்காவைக் கூப்பிடவில்லை.

அந்த இருபத்தாறையும் ஒட்ட என் கை வரவில்லை. வண்ணத் தாள்களை மட்டும் வைத்து அனுப்பினோம். பலகையில் பாதி காலியாக இருந்ததாம். பரிசு கிடைக்கவில்லை. வேறு பள்ளிகளுக்கு வண்ணத் தாள் போகுமா என்று இதுவரை தகவல் இல்லை. தலைமையாசிரியர் என்னோடு மரியாதையாகப் பேசுகிறார். அளவாகப் பேசுகிறார்.

மணியம் கேட்டார், அந்த இருபத்தாறு பேரும் மனதாரத்தான் சம்மதம் சொல்லியிருக்கலாமே என்று. இருக்கலாம். பாதிப் பேராவது அப்படித்தான் இருப்பார்கள். யார் எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சோதனையும் தெரியவில்லை. இருபத்தேழு தாளையும் மறுபடி மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். நான் நம்பக்கூடியதாக இருந்தது, கிழிந்திருந்த அந்த ஒன்றுதான்.